குதிகாலில் தங்கிய அடி

பதுளையில் என் மச்சினன் மகளின் கல்யாணத்தில்தான் அவரைப் பார்த்தேன். கொழும்பில் புதுமாதிரி ரொக் இசைக்குப் பேர்போன கிட்டார்காரர். பிறந்தது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில். தோளில் புரளும் முடி. மேடையேறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் குதிகாலால் பலகையைத் தட்டித்தான் எதையும் தொடங்குவார்.

அன்று தட்டியது தப்பு மேளத்தின் அடி. தோட்டத்தில் நாங்கள் கேட்டு வளர்ந்த அந்த அடியை மின்கிட்டாரில் ஏற்றி, மலைப்பாதை பஸ்ஸைப் போல வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். சொந்த ஊரில் அதை வாசிப்பது அதுதான் முதல் தடவையாம். என் கால் தானாக ஆடியது.

மச்சினன் காதருகே வந்தான். "கல்யாண வீட்ல சாவு மேளமா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சியப் பாருங்க மச்சான். போய் நிப்பாட்டச் சொல்லுங்க."

போனேன். "தம்பி, சினிமாப் பாட்டு ஏதாச்சும் வாசிக்கச் சொல்றாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும்ணே. ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"கல்யாணம் அவங்களோடதுதானே தம்பி" என்றேன்.

லேசாகச் சிரித்துவிட்டு சினிமாப் பாட்டுக்கு மாறினார். மண்டபமே எழுந்து ஆடியது, என்னையும் இழுத்துவிட்டார்கள். மேடையைப் பார்த்தேன். விரல்கள் பாட்டில் இருந்தன. குதிகால் மட்டும் இன்னும் தப்பின் அடியையே தட்டிக்கொண்டிருந்தது. என் காலும் அந்த அடிக்குத்தான் போனது. நான் அதை இழுத்துப் பிடித்து, மற்றவர்களைப் போல ஆடினேன்.