விளக்கு எரியும் வீட்டுக்கு மட்டும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நின்று ஒரு பேயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். அந்தப் பேய்க்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறது. பெயர் யாழினி. என் ஒரே மகள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போனவன் அங்கேயே இறங்கி வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறேன். மகளுக்கு ஸ்கூலில் டூர் என்றால், முதல் நாளே போய் அந்த பஸ்ஸின் டயரைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். டிரைவர் முறைத்தார். முறைக்கட்டுமே... பிள்ளை யாருடையது?

அப்படிப்பட்டவனின் பெண்தான் காணாமல் போனாள். அஜாக்கிரதையால் அல்ல. என் ஜாக்கிரதையால். அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடிக்கு பிரியா குடும்பம் புதிதாக வந்திருக்கிறது. ஆறு வருடம் அமெரிக்காவில் இருந்தவர்கள். அங்கே அக்டோபர் கடைசி நாளில் ஹாலோவீன் என்று கொண்டாடுவார்களாம். குழந்தைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் பெல் அடிப்பார்கள். சாக்லேட் கொடுத்தால் தப்பித்தோம், கொடுக்காவிட்டால் ஏதாவது குறும்பு பண்ணுவார்கள். நாமும் செய்யலாமே என்று வாட்ஸ்அப் குரூப்பில் பிரியா கேட்டார். நவராத்திரிக்குக் கொலு வீடு கொலு வீடாக ஏறி இறங்கி சுண்டல் வாங்கின பிள்ளைகள்தானே? உடனே குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அசோசியேஷன் செகரெட்டரி மட்டும் தயங்கினார். கைலாசபுரம் ஃபாக்டரி டவுன்ஷிப்பில் முப்பது வருடம் குடியிருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேயைக் கூப்பிட்டு மிட்டாய் கொடுக்கணுமா என்று கேட்டார். பிறகு, பாதுகாப்புக்கு ஒழுங்கான விதிகள் இருந்தால் சரி என்றார்.

விதிகளா? கேட்க வேண்டுமா! நான்தான் கை தூக்கினேன்.

இரண்டு ராத்திரி இன்டர்நெட்டில் தேடினேன். வெளிநாட்டில் பெற்றோருக்கென்றே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வடிகட்டிப் பதினான்கு விதிகள் எழுதினேன். முகமூடி கூடாது, கண்ணை மறைக்கும் – முகத்தில் பெயின்ட் போதும். அதையும் முதல் நாளே மணிக்கட்டில் தடவி அரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பு டிரஸ் கூடாது, இருட்டில் வண்டிக்காரருக்குத் தெரியாது. யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது, வாசலோடு சரி. கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், அப்பா அம்மா பார்க்கும்வரை வாயில் போடக் கூடாது. தெரியாதவர்களிடம் பெயர், வீடு, போன் நம்பர் சொல்லக் கூடாது. போட்டோ எடுக்க விடக் கூடாது. வழி தெரியாவிட்டால் அங்கே இங்கே ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. யார் வீட்டு பெல்லை அடிப்பது? எல்லோருக்கும் இதில் விருப்பம் இருக்குமா? அமெரிக்காவில் வாசல் லைட் எரிந்தால் வரலாம் என்று அர்த்தமாம். எங்கள் அபார்ட்மெண்டில் வராந்தா லைட் மொத்தத்துக்கும் ஒரே ஸ்விட்ச். அதனால் விருப்பமுள்ளவர்கள் வாசலில் ஓர் அகல் விளக்கு ஏற்றி வைக்கட்டும் என்று செகரெட்டரி சொன்னார். கார்த்திகைக்கு வாங்கின அகல் எல்லார் வீட்டிலும்தான் கிடக்கிறதே. அருமையான யோசனை என்று எழுதிக்கொண்டேன் – 'வாசலில் விளக்கு எரியும் வீட்டுக்கு மட்டும் போகலாம்.'

யாழினிக்குப் பதினான்கையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். வாய்ப்பாட்டை விட வேகமாக ஒப்பித்தாள். என் மனைவி கவிதா தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள், வீடு வர ஏழரை ஆகும். காலையில் கிளம்பும்போதே, குழந்தையைக் கொஞ்சம் விளையாடவும் விடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஏழு பேய்கள். எல்லோர் முகத்திலும் ஒரே மண்டை ஓடு, பிரியா கைவண்ணம். எல்லோருக்கும் வெள்ளை டிரஸ், அது என் கைவண்ணம். ஒன்பதாவது படிக்கும் நந்தினி லீடர். நான் பின்னாலேயே போனேன். இரண்டு மாடி முடிந்து தரைத்தளத்துக்கு வந்ததும், அதுவரை சேர்ந்த சாக்லேட்டுகளைச் சோதிக்க வேண்டும் என்று நிறுத்தினேன். லிஃப்ட் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கவராக எக்ஸ்பைரி தேதி பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த எழுத்தை எறும்புதான் படிக்க முடியும். போன் டார்ச் எல்லாம் பத்தாது, வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டிய எழுத்து. ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு மிட்டாயில் தேதியே இல்லை என்று கண்டுபிடித்து, பெருமையாகத் தலையை நிமிர்த்தினேன்.

என் பெண்ணைக் காணோம்.

நந்தினியைக் கேட்டால், எண்ணிக்கிட்டேதான் இருக்கேன் அங்கிள், ஏழு பேர் சரியா இருக்காங்க என்றாள். எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர்தான். பாதியில் இன்னொரு வீட்டுப் பையன் வந்து சேர்ந்திருக்கிறான். அதே மண்டை ஓடு, அதே வெள்ளை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எவருக்குத் தெரியும்?

மாடி மாடியாக ஓடினேன். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. கேட்டுக்கு வந்தால் வாட்ச்மேன் மோட்டார் போடப் போயிருந்தார். கேட் ஒரு முழம் திறந்திருந்தது.

எங்கள் தெருவில் திரும்பினால் அம்மா மண்டபம் ரோடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயிலுக்கு வரும் கூட்டம். வெளியூர் வேன்கள், ஆட்டோக்கள், ஹாரன். நூறு அடி தள்ளி காவிரி. அதுவும் இந்த மழைக்கு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது.

என் கால் ரோட்டுப் பக்கம் போகவில்லை. நேராக ஆற்றுக்குத்தான் ஓடியது. வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பூக்கடைக்காரர் நன்றாகப் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பாவைப் பார்க்கலைங்களே சார்" என்றார். இளநீர்க்காரரும் இல்லை என்றார். படித்துறையில் ஒரு குடும்பம் காலை நனைத்துக்கொண்டிருந்தது, அவர்களும் பார்க்கவில்லை.

ஐந்து படி தண்ணீருக்குள் போயிருந்தது. எத்தனை முறை அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறேன், ஒரு முறையாவது அவள் கையை விட்டிருக்கிறேனா? வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. செருப்போடு இரண்டு படி தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். யாரோ விட்ட பிளாஸ்டிக் பை. அதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அப்போது போனில் ஒரு மெசேஜ். கவிதா. 'குட்டிப் பேய் என்ன பண்ணுது? போட்டோ அனுப்புங்க.'

என்ன பதில் போடுவது, சொல்லுங்கள்? போனைப் பையில் வைத்தேன். மறுபடி எடுத்தேன். அந்தப் போட்டோ என்ற வார்த்தையைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இவ்வளவு நேரம் நான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது ரெட்டை ஜடை, யூனிஃபார்ம், பொட்டு வைத்த படம். வீதியில் போனதோ மண்டை ஓடு. யார் கண்டுபிடிப்பார்கள்? திரும்ப ஓடிப் பூக்கடைக்காரரிடம், பேய் வேஷம் அண்ணே, வெள்ளை டிரஸ் என்றேன்.

"அட, அதுங்களா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க சார். அரை மணி முன்னாடி இப்படிப் போச்சு. ஸ்கூல் ஃபங்ஷன்னு நினைச்சேன்" என்று ஆற்றுக்கு எதிர்த்திசையில் கையைக் காட்டினார்.

ஆற்றுக்கு எதிர்த்திசையில். எனக்கு மூச்சு வந்தது. அதே நேரம் பிரியா போன் பண்ணினார். அவருக்கு ப்ளவுஸ் தைக்கும் ரேவதி என்ற பெண்மணி, கஸ்டமர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறாராம். வழக்கமாக, உங்க ப்ளவுஸ் ரெடி என்றுதான் அதில் வரும். இன்றைக்கு வந்திருந்தது வேறு. 'எங்க வீட்டு வாசல்ல ஒரு பெண் குழந்தை. முகத்துல பேய் மேக்கப். பேர், வீடு எதுவும் சொல்ல மாட்டேங்குது. போட்டோ எடுக்கவும் விடலை. யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.'

மூன்றாவது தெரு. எப்படிப் போனேன் என்று ஞாபகம் இல்லை.

போகும் வழியில்தான் தெருவைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு கோலம். கோலத்துக்குப் பக்கத்தில் ஓர் அகல் விளக்கு. வெள்ளிக்கிழமை ஆயிற்றே... எந்த வீட்டில்தான் வாசலில் விளக்கு வைக்காமல் இருப்பார்கள்? பிறந்தது முசிறி, பிழைப்பது ஸ்ரீரங்கம், வயது நாற்பத்திரண்டு – இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் விதியை இன்டர்நெட்டில் இருந்து அல்லவா எடுத்தேன்.

என் பெண் எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்கு எதிரே ஒரு விளக்கைப் பார்த்திருக்கிறாள். போயிருக்கிறாள். அடுத்த வீட்டிலும் விளக்கு. அதற்கடுத்த வீட்டிலும். முனை திரும்பினால் அங்கேயும் வரிசையாக.

ரேவதி வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அவர், மடியில் ப்ளவுஸ், கையில் ஊசி, கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் என் மகள். வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்த பெண் குழந்தை என்று யார் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். மண்டை ஓட்டு நெற்றியில் நாலு பொட்டு. தலையில் ஒரு முழம் மல்லிகை. பையில் வாழைப்பழமும் கல்கண்டும்.

"உள்ள வாம்மான்னா வர மாட்டேங்குறா சார். அதான் நானும் நாற்காலிய வெளிய போட்டுட்டேன். தொண்டை வறண்டு போச்சு பாருங்க, தண்ணிகூட வேணாம்னுட்டா" என்றார் ரேவதி.

யாழினி என்னைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை. பையைத்தான் முதலில் நீட்டினாள்.

"நான் எதையும் சாப்பிடலைப்பா. நீங்க பார்த்துட்டுக் குடுங்க."

உதடு காய்ந்து பெயின்ட் வெடித்திருந்தது. குரல் கம்மியிருந்தது. முக்கால் மணி நேரம், நான் சொன்ன ஒவ்வொன்றையும் கடைப்பிடித்துக்கொண்டு, தாகத்தோடு இருந்திருக்கிறாள். அந்தத் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி ஒருவர், உங்க அப்பா நம்பர் சொல்லும்மா, போன் போடறேன் என்று கேட்டிருக்கிறார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நம்பர் அவளுக்குத் தெரியும். என் நம்பரும் தெரியும், அவள் அம்மா நம்பரும் தெரியும்.

தண்ணீர் கேட்டு வாங்கி நானே ஊட்டினேன். குடித்து முடித்த பிறகுதான் அழுதாள்.

கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன், அவள் திட்டவில்லை. விதிகள் எழுதின தாளை வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு கேட்டாள்.

"யாரை நம்பக் கூடாதுன்னு இவ்வளவு எழுதியிருக்கீங்க. அவசரம்னா யார்கிட்ட போய்ப் பேசணும்னு ஒரு வரிகூட இல்லையே?"

அந்த ஒரு வரி உங்கள் வீட்டிலாவது இருக்கிறதா? தெரியாதவர்களிடம் பேசாதே என்று பேச்சு வரும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். தெரியாதவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நாற்காலியை வெளியே போட்டு உட்காரக்கூடியவர்கள் என்று நாமே யோசித்ததில்லை. அதற்காகப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை எழுந்து போய் அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேருமாக ரேவதி வீட்டுக்குப் போனோம், பூந்தி லட்டு வாங்கிக்கொண்டு. முகம் கழுவின யாழினியை அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்காவது பேர் என்னன்னு சொல்லுவியா பாப்பா?"

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"சொல்லும்மா. இவங்ககிட்ட எல்லாம் சொல்லலாம்."

சொன்னாள். பெயர், இனிஷியல், வகுப்பு, செக்‌ஷன், ஃபிளாட் நம்பர், என் போன் நம்பர், அம்மாவின் போன் நம்பர், அப்பா நேற்று ஆற்றங்கரையில் அழுதது, அப்பாவின் குறட்டை, பீரோ சாவி இருக்கும் இடம்... ஏ.டி.எம். கார்டின் ரகசிய நம்பரில் முதல் இரண்டு எண்ணை அவள் சொல்லி முடித்தபோதுதான் நான் பாய்ந்து வாயைப் பொத்தினேன்.