படலையில் கேட்ட குரல்

போன கிழமை பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுவும் ஒரு பேராசிரியருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் சனம் விட்டுப்போன ஆளில்லாத வீடுகளைப் பற்றி நாங்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறோம். 'நாங்கள்' என்றால்? பேராசிரியர், நான், பிறகு எங்கள் ஆய்வு உதவியாளர் துளசி. வீடு வீடாகப் போய், அறை அறையாக அளந்து, பார்த்ததை எல்லாம் குரல்பதிவாக அனுப்பியவள் அவள்தான். கட்டுரையை ஏற்றுக்கொண்ட சஞ்சிகைக்காரர்கள் கடைசியாக ஒன்று கேட்டார்கள் — யார் யார் என்னென்ன செய்தீர்கள்?

'களப்பணி' என்ற இடத்தில் பேராசிரியர் தன் பெயரைப் போட்டிருந்தார்.

"சேர், துளசி?" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் குடுத்ததுதானே. கடைசியில நன்றியெண்டு ஒரு வரி போடுவம்."

துளசி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகத்தில் கட்டுரை கேட்பார்கள். நன்றியைக் காட்டி என்ன செய்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டுரைக்கு ஒரு படம் குறைந்தது. பேராசிரியரும் நானும் அதில் ஒரு வீட்டுக்குப் போனோம். உச்சி வெயில். எங்கள் பக்கத்தில் வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படலையில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பேராசிரியர் படலையைத் தள்ளிக்கொண்டு நேரே நடந்தார். பாவம், அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறார்...

எந்த அறையைப் படமெடுப்பது? அவருக்குத் தெரியவில்லை. ஹோலில் நின்று துளசியின் பதிவைப் போனில் போட்டார்.

"வீட்டுக்காரர்... உள்ள வரலாமோ?"

துளசியின் குரல். பிறகு அமைதி. எல்லாப் பதிவிலும் அப்படித்தான், பதிலுக்குக் காத்து நிற்பாள்.

அந்த அமைதிக்குள் குசினிக் கதவு மெல்லத் திறந்தது. போனில் அல்ல — எங்களுக்கு முன்னால்.

"காத்து," என்றார் பேராசிரியர்.

முற்றத்துப் பனையில் ஓர் ஓலைகூட அசையவில்லை. அடுப்புக்கூடத் தெரியாதபடி குசினிக்குள் ஒரே இருட்டு. 'வாங்கோ' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று நான் படலைப் பக்கம் திரும்பினேன்.

படத்தை மறந்தோம். பேராசிரியர் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து படலைக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் ரகசியம் போலக் கேட்டார்:

"துளசியின்ர முழுப்பேர் என்ன?"

சொன்னேன். காருக்குள் இருந்தே சஞ்சிகைக்கான பட்டியலைப் போனில் திருத்தினார். களப்பணியிலும் அவள், கட்டுரை ஆசிரியர் வரிசையிலும் அவள்.

ஆளில்லாத வீட்டுக்கே குரல் கொடுக்கிற ஊர் இது... கூடவே இருந்தவளின் பெயரைச் சொல்லத்தான் எங்களுக்கு ஒரு குசினிக் கதவு வேண்டியிருந்தது.