கோவும் ஊவும்

என் மனைவி மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு மலேசியாவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போக இருந்தாள். எனக்குப் பர்மா அரசாங்கம் பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டது. தகப்பன் கூடப் போகாவிட்டால், பிள்ளைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு அவன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன்.

வெளிநாட்டுக் காப்பீட்டுக் கம்பெனி அதைத் திருப்பி அனுப்பியது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் என் பர்மியப் பெயருக்கு முன்னால் ‘கோ’ இருந்தது. அப்போது நான் இளவட்டம். வயதேறியதும் எல்லோரும் ‘ஊ’ போட்டு அழைத்தார்கள். கடிதத்தில் நானும் அப்படியே எழுதிவிட்டேன். இரண்டும் வெறும் மரியாதைச் சொல் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கையெழுத்திட்டவன் தகப்பனே அல்ல, வேறு ஆள் என்றுவிட்டார்கள்.

எங்கள் நகரத்தின் தாமுவே பகுதியில் இருந்த தமிழ்க் காப்பீட்டு ஏஜெண்ட் புது விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். “தகப்பன் உயிரோட இல்லைன்னு போட்ருங்க பாய். கடிதமே கேக்க மாட்டான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ‘காலமானார்’ என்று என் கையாலேயே எழுதினேன். அந்த வாரமே காப்பீடு வந்துவிட்டது.

விமான நிலையத்தில் மகள் என் கையை விடாமல் கேட்டாள்: “அத்தா, அங்க யாராச்சும் கேட்டா நீங்க மவுத்தாயிட்டீங்கன்னுதானே சொல்லணும்?”

“ஆமாம்மா. தம்பிக்கும் சொல்லிக் குடு.”