நெஞ்சில் ஒட்டிய வெற்றிலை

"எங்க பாப்பா காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் தல வெச்சிப் படுக்காது. யாரு வேணா வந்து என்னைக் கேளுங்க!"

மகள் எஸ்தரின் முதல் பிறந்தநாளன்று, கையில் கேக்குத் துண்டோடு, கச்சிராயபாளையத்தில் தன் தெரு முழுவதற்கும் கேட்கும்படி டென்னிஸ் வெளியிட்ட பிரகடனம் இது. மைக் செட் வைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருகிற வண்டிக்காரர்களோடு பேசிப் பழகிய தொண்டை.

"பொறந்ததே ஆஸ்பத்திரியிலதானே அண்ணா?" என்று பக்கத்து வீட்டுக் கலையரசி கேட்டாள்.

"அது உள்ளேர்ந்து வெளிய வந்தது. நான் வெளியேர்ந்து உள்ள போறதச் சொல்றேன்" என்று டென்னிஸ் தெளிவுபடுத்தினார். சட்டம் படித்திருக்க வேண்டிய மூளை, விதிவசத்தால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவம் அவருடைய குடும்பத் தொழில் அல்ல. அப்பா சவரியப்பன் கரும்பு வெட்டப் போனவர். காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர். டென்னிஸ் படித்த மருத்துவக் கல்லூரி நான்கு சக்கரத்தில் ஓடியது. ஜீப்பில் ஏறுகிற யாராவது ஒருவர் இருமுவார். மற்ற எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மலை இறங்குவதற்குள் டென்னிஸ் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடுவார். பேராசிரியர்கள் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விடுகிற கல்லூரி என்பதால் சந்தேகம் கேட்க மட்டும் வழியில்லை.

எஸ்தர் தும்மினால் கற்பூரவல்லிச் சாறு. இருமினால் மலைத்தேனில் திப்பிலி. மூக்கடைத்தால் விரலி மஞ்சளைச் சுட்டு அந்தப் புகை. உடம்பு சுட்டால் நெற்றியில் சுக்குப் பற்று, பாதத்தில் ஈரத்துணி. தலைக்கு ஊற்றிய நாளில் நொச்சி இலை போட்ட சாம்பிராணி. அன்று தெருவில் கொசுவும் இருக்காது, பூனையும் இருக்காது. குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சாதாரணச் சளி எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்ற இரகசியத்தை டென்னிஸிடம் உடைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சொன்னால் ஜீப்பில் இடம் கிடைக்காமல் போகலாம்.

இத்தனைக்கும் மகுடம் வெற்றிலை. நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி, வெற்றிலையில் தடவி, விளக்கில் வாட்டி, இளஞ்சூட்டில் நெஞ்சில் ஒட்டுவது. "இலை சளிய உறிஞ்சி எடுத்துடும்" என்பது இதன் தத்துவம். யார் சொன்னது என்று கேட்டால், பின் சீட்டில் வந்த ஒருவர்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், ஒன்றரை வயது எஸ்தருக்குச் சளி கட்டியது. வழக்கமான சளியாகத்தான் தொடங்கியது. கற்பூரவல்லி போனது, திப்பிலி போனது, சுக்கு போனது. சளி மட்டும் போகவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பிறகு விடாமல் வந்தது. டென்னிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பார். அவருக்கே இருமல் வேறு பிடித்துக்கொண்டது. தெருவே மருந்து கேட்டு வரும் வீட்டில் மருத்துவரே இருமுவது விளம்பரத்துக்கு நல்லதல்ல என்று துண்டை வாயில் வைத்து இருமினார்.

தூதுவளை புதிதாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று தனக்குத் தானே முடிவு செய்துகொண்டு, விடிந்ததும் வெள்ளிமலைக்கு வண்டியைக் கிளப்பினார். அங்கே குஞ்சம்மாள் என்றொரு பெண், தினை விளைகிற கொல்லை ஓரத்திலிருந்து அவருக்கு இலை தழை பறித்துத் தருகிறவள். ஜீப் நிற்கும் இடத்திலேயே அவள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் பை.

"இன்னா குஞ்சம்மா, தூதுவள பறிச்சி வெச்சிகிறியா? பாப்பாவுக்கு மூச்சு கர்ரு கர்ருங்குது."

"இரு டைவரே, எம்புள்ளைக்கும் அப்பிடித்தான். இங்க டாக்டரு பாத்துட்டு கீழ பெரிய ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லிட்டாரு. போயிட்டு வந்து பறிச்சித் தரேன்."

டென்னிஸ் திகைத்தார். "மலையில கீற நீயே ஆஸ்பத்திரிக்குப் போனா, நாங்கல்லாம் யாருகிட்ட வர்றது?"

"யோவ், நான் இல பறிக்கிறவ. வைத்தியம் பண்றன்னு எப்பியா சொன்னேன்?"

ஜீப் முழுக்கச் சிரித்தது. முன் சீட்டில் இருந்த ஒருவர், "டைவருக்குத்தான் சளி ஜாஸ்தி போலக்கீது, காது அடச்சிப்பூட்ச்சி" என்றார். டென்னிஸ் கியரை மாற்றினார். மலையே மலை வைத்தியத்தைக் காட்டிக்கொடுத்துவிட்ட துரோகத்தை எந்தக் கியரில் தாண்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சிக்னல் கிடைக்கிற வளைவுகளிலெல்லாம் நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி ஜெஸி எடுத்து, "வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வளைவிலும் அதையே கேட்டாள். அதற்கடுத்த வளைவில் அவர் போன் போடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெஸி மடியில் குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை. அன்று லீவு சொல்லியிருந்தாள். வழக்கமாக அப்பா தலை தெரிந்ததும் ஜீப் சாவிக்குக் கை நீட்டுகிற எஸ்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க, பால் குடிக்க மாட்டேங்குது. தண்ணியும் எறங்கல. மூச்சு தபதபன்னு வாங்குது. வாங்க, கள்ளக்குறிச்சிக்குப் போயிடலாம்."

"தோ, ஒரே ஒரு இலை. அதுக்கப்புறம் பாரு."

"நேத்துலேர்ந்து ஒரே ஒரு இலைன்னுதாங்க சொல்லிகினு கீறீங்க!"

டென்னிஸ் அடுப்படிக்கும் நடைக்கும் அலைந்தார். எண்ணெய் காய்ந்தது, கற்பூரம் கரைந்தது, இலை வாடியது. குழந்தையின் விலா எலும்பு முடிகிற இடத்தில், நெஞ்சுக்குழியின் மேல், பதமாக ஒட்டினார். ஒட்டிய மறுகணமே அந்த அதிசயம் நடந்தது. இலையின் நடுப்பகுதி சட்டென்று உள்ளே குழிந்தது. வெளியே வந்தது. மறுபடி குழிந்தது.

"ஜெஸி! பாரு, பாரு! உறிஞ்சுது!"

நாள் முழுக்க அலைந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு ஓடிக் கலையரசியைக் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்து, "ஆமாண்ணா, உள்ள உள்ள போவுது!" என்று வாயைப் பிளந்தாள். தெரு வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்று போனை எடுத்து வீடியோ பிடிக்கவும் தொடங்கினாள். டென்னிஸ் குரலைச் சரிசெய்துகொண்டு விளக்கவுரை கொடுத்தார். இரண்டாவது இலையையும் ஒட்டினார். அது முதல் இலையைவிட வேகமாகக் குழிந்தது.

ஜெஸி வீடியோவைப் பார்க்கவில்லை. குழந்தையின் மூக்கு மடல் விரிந்து விரிந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இன்னாவோ இலை உறிஞ்சுற மாதிரி தெரியலங்க" என்றாள்.

"நிரூபிச்சாதான் நம்புவ இல்ல? எனக்கும்தான் நெஞ்சு நெறயச் சளி கீது. இப்பப் பாரு."

காக்கிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றி, மிச்சமிருந்த இலையைத் தன் நெஞ்சுக்குழியில் ஒட்டிக்கொண்டு, கலையரசியின் போனுக்கு நேராக நிமிர்ந்து நின்றார். மூச்சை இழுத்தார். நெஞ்சு உயர்ந்தது, கூடவே இலையும் உயர்ந்தது. மூச்சை விட்டார். இரண்டும் இறங்கின. இலையின் நடுவே ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கவரில் ஒட்டிய ஸ்டாம்பு மாதிரி இருந்தது.

"எண்ணெ பத்தல" என்று இன்னும் கொஞ்சம் தடவினார். கொஞ்சம் கீழே நகர்த்தினார். பலமாக இருமிப் பார்த்தார். இலை கழன்று காலடியில் விழுந்தது.

"அண்ணா, உங்க இலை வேற கடையில வாங்குனதா?" என்று கலையரசி நல்லெண்ணத்தோடுதான் கேட்டாள்.

ஒரே வெற்றிலைக் கவுளிக் கட்டில் எடுத்த இலைகள். டென்னிஸ் மெதுவாகக் குனிந்து குழந்தையின் நெஞ்சிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாக உரித்தார். அடியில் எண்ணெய் பளபளக்கும் தோல். அந்தத் தோல், எந்த இலையும் இல்லாமலேயே, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்துகொண்டிருந்தது. ஒரு கோலிக்குண்டு வைத்தால் நிற்கும் அளவுக்குக் குழி.

கலையரசியின் போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளே அதை இறக்கினாள்.

"சாவி எங்க? ஜெஸி, சாவி! சாவிய யாரு எடுத்தது?"

"உங்க கையிலதான் கீதுங்க."

செருப்புப் போடவில்லை, சட்டைப் பொத்தானும் போடவில்லை. ஜீப் தெருவைத் தாண்டும்போது, வழக்கமாக ஏறுகிற ஆட்கள் கை காட்டினார்கள். டென்னிஸ் அவர்களைப் பார்க்கவே இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு, பிள்ளையார் ஊர்வலம் போலப் போனது. டென்னிஸ் ஹாரனை விடாமல் அழுத்தினார். மண்ணில் இறங்கி, புளியமரத்தை உரசி, முன்னால் ஏறினார். மலைப்பாதையில் ஒருநாளும் செய்யாத காரியம்.

"ஏதாவது பேசிகினே ஓட்டுங்களேன். எனக்குப் பயமாக்கீது" என்றாள் ஜெஸி.

அந்தத் தொண்டைக்கு அன்று ஒன்றும் வரவில்லை. கியரிலிருந்து கையை எடுத்து எடுத்துக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கள்ளக்குறிச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நர்ஸ் ஒருத்தி குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வரிசையில் நிற்கச் சொல்லாமல் நேராக உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினாள். மூக்கில் ஆக்ஸிஜன் ஏறியது. கையில் ஊசி ஏறியது. நர்ஸ் பஞ்சால் நெஞ்சு எண்ணெயைத் துடைத்தபடியே, "கற்பூரமா?" என்றாள்.

"ஆமாங்க."

"சின்னக் குழந்தைக்கு ஆகாதுங்க அது. வேற இன்னா குடுத்தீங்க?"

மலை ஏறி இறங்கும் நேரம் முழுக்கப் பேசக்கூடிய பட்டியல். டென்னிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்று விடாமல், தாழ்ந்த குரலில் சொன்னார். டாக்டர் வந்து, நிமோனியா, நுரையீரலில் சளி இறங்கியிருக்கிறது, இன்றைக்காவது கொண்டுவந்தீர்களே என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் டென்னிஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை அவர் அன்று நடந்த நடைக்கு, நேர்க்கோட்டில் போயிருந்தால் சங்கராபுரம் வந்திருக்கும்.

மறுநாள் மாலை எஸ்தர் பால் குடித்தாள். அதற்கு அடுத்த நாள் நர்ஸின் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஜெஸி முதல்முறையாக அழுதாள். டென்னிஸ் கலையரசிக்குப் போன் செய்து, அந்த வீடியோவை யாருக்காவது அனுப்பினாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அழிக்கச் சொல்வார் என்று அவள் காத்திருக்க, "உன் பையனுக்குச் சளி புடிச்சா நெஞ்சுல எதுவும் ஒட்டாம, சட்டையத் தூக்கிப் பாரு. அந்த வீடியோவுல கீற மாதிரி உள்ள குழிஞ்சா, எனக்குப் போன் போடு, வண்டி எடுத்துகினு வரேன்" என்றார்.

தூதுவளையோடு அவர் பகை கொள்ளவில்லை. தோசையில் அரைத்துப் போட்டு அவரே சாப்பிடுகிறார். ஜீப்பில் வைத்தியம் பேசுகிறவர்களை இப்போதும் தடுப்பதில்லை; பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறார்.

தை மாதம் ஒரு காலை, ஜெஸி பள்ளியிலிருந்து இடைவேளையில் டென்னிஸுக்குப் போன் செய்தாள். எஸ்தருக்கு முந்தின நாள் லேசாக மூக்கு ஒழுகியிருந்தது. உடம்பு சுடுகிறதா என்று கேட்கத்தான்.

"வூட்லதானே கீறீங்க?"

"இல்ல... சும்மா... ஒண்ணும் இல்ல, லேசாத்தான் சுடுது. நெஞ்சு குழியல, பாத்துட்டேன்."

"அப்ப எங்கதாங்க கீறீங்க? இன்னா அவ்ளோ சத்தம்?"

டென்னிஸின் பக்கம் குழந்தைகளின் அழுகையும், பெஞ்சை இழுக்கிற ஓசையும், யாரோ வரிசையாகப் பேர் வாசிக்கிற குரலும் கேட்டன.

"ஜெஸி, வெச்சிடறேன்" என்றார் அவர். "பாப்பா பேரக் கூப்புடறாங்க."