பத்திரிகைக்கு எதைப் படிப்பது?

பிளஸ் டூ முடித்ததும், பத்திரிகை வேலைக்குப் படிக்கப்போவதாக வீட்டில் அறிவித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு யோசனை சொல்லும் தகுதி மற்ற எல்லோருக்கும் இருந்தது.

"கல்யாணப் பத்திரிக்கை அடிக்கறதுக்கு எதுக்கு அம்மணி காலேஜு?" என்றார் அப்பா.

"நியூஸ் எழுதற பத்திரிகைங்கப்பா."

"அப்பத் தமிழ் எடு கண்ணு, எழுத்துப் பிழை வராது" என்றார், ஒரு வரிகூட எழுதியறியாத மாமா.

நான் கல்லூரி விண்ணப்பத்தில் பொருளாதாரம் என்று எழுதி அப்பாவிடம் நீட்டினேன். "நம்ம காட்டுப் பருத்தி வெலை ஏன் விழுகுதுன்னு எழுதோணுமுங்க. அது தெரியாம எப்படி எழுதறது?"

"எழுதிப்போட்டா வெலை ஏறிருமாக்கும்?" என்றபடியே அப்பா கைநாட்டு வைத்தார்.

கேள்வி நியாயமானதுதான். பதில் தெரியாததால், படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு தலைநிமிர்ந்து பஸ் ஏறினேன்.