அம்மா மூச்செடுக்கும் இடம்

அந்தப் பெண் மீது எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததற்கெல்லாம் வேறு காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தெலுங்கு ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவதற்கு முன் கோயிலில் ஆராதனை நடக்கும். அதில் அந்த வருஷம் இறந்துபோனவர்களைப் பற்றி ஒரு வீடியோவைத் திரையில் காட்டுவோம். எட்டு வருஷமாக அதைச் செய்தவள் நான். ஆளுக்கு இருபது விநாடி என்பது நான் போட்ட விதி. ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்தவருக்கும் இருபது, கோயிலைப் பெருக்கியவருக்கும் இருபது. ஒருமுறை ஒருவர் தன் அண்ணனுக்கு ஒரு நிமிஷம் வேண்டும் என்று கெஞ்சினார். "நக்கோ அங்கிள், வேண்டாம். உங்களுக்கு நீட்டினா நாளைக்கு எல்லாரும் லைன்ல வந்து நிப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதில் எனக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். என் அம்மா சபையின் பாடகர் குழுவில் நாற்பது வருஷம் ஆல்ட்டோ பாடினார். முதல் குரலுக்குக் கீழே, யாரும் தனியாகக் கவனிக்காமல் ஓடும் இரண்டாம் குரல் அது. எனக்கோ பாட்டு சுத்தமாக வராது. மெட்டுகுடாவிலேயே பிறந்து வளர்ந்தும், நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனிப் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியும், சபையில் நான் 'ஆல்ட்டோ அம்மாவின் மகள்'தான். அந்த வீடியோ ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

இந்த வருஷம் மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து சபைப் போதகரான ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வருஷம் வீடியோ நீங்க செய்ய வேண்டாம்மா. உங்க அம்மா படத்த நீங்களே வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தா மனசு தாங்காது. அந்தப் பாளையங்கோட்டைப் பொண்ணு பண்ணட்டும். நீங்க எல்லாரோடயும் உக்காந்து பாருங்க."

"சரிங்க ஐயா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் சண்டையும் போட முடியவில்லை.

அந்தப் பெண் ஐடி வேலைக்கு இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மல்லாபூர்ப் பக்கம் வாடகைக்கு இருக்கிறாள். முப்பது வயதாகவில்லை. என்னை எங்கே பார்த்தாலும் "எக்கா" என்று ஓடிவருவாள். வேலை அவள் கைக்குப் போன அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் பயன்படுத்தும் அதே எடிட்டிங் மென்பொருளைப் பற்றிப் பேச்சு வந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே திறந்துவைத்திருக்கும் மென்பொருள் அது.

"அத நான் சோர்ஸ்ல இருந்தே பில்ட் பண்ணிட்டேங்க்கா" என்றாள்.

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் "அப்படியா!" என்று வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தெரியும். எழுதியவர்கள் எழுதி வைத்த மூல நிரலை இறக்கி, நம் கணினியிலேயே அதை மென்பொருளாகக் கட்டிக்கொள்வது. நான் எட்டு வருஷமாகத் தயாராக வருவதை ஒரு க்ளிக்கில் நிறுவியவள். பாக்கெட் மாவில் இட்லி ஊற்றுகிறவள் முன்னால் ஒருத்தி கிரைண்டரைப் பற்றிப் பேசியது போல இருந்தது. வயிறு எரிந்தது. அதற்கு மேல், "எல்லாம் ஷேர் ஃபோல்டர்ல போட்டிருக்கேன். எப்ப வேணாலும் தொறந்து பாருங்க, மாத்தணும்னா மாத்துங்கக்கா" என்று வேறு சொன்னாள். என் வேலையை எனக்கே பார்க்கக் கொடுக்கிறாளாம். நான் அதைத் திறக்கவே இல்லை.

நானும் கட்டுவது என்று முடிவு செய்தேன். வேலை முடிந்து வந்து, சமையலுக்கு நடுவில் தினமும் ஒரு மணி நேரம். என் மகள் எட்டிப் பார்த்து, "எந்துக்கம்மா இதந்தா? ஒக்க க்ளிக்தோ வஸ்துந்தி கதா" என்றாள். ஒரே க்ளிக்கில் வருவதற்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். பதில்தான் வெளியில் சொல்லும்படியாக இல்லை.

நிரல் இறங்கிவிட்டது. கட்டுவதற்கு முன், தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று அதுவே சோதித்தது. ஏதோ ஒரு நூலகம், அதாவது துணை நிரல், இல்லை என்று சிவப்பில் எழுதியது. இருக்கிறதே, நேற்று வரை ஓடியதே என்று ஒரு மாலை முழுக்க அதனோடு மல்லுக்கு நின்றேன். ஓடுவதற்கு வேண்டியது ஒரு பொட்டலம், கட்டுவதற்கு வேண்டியது தனிப் பொட்டலம் என்பது பிறகுதான் புரிந்தது. லேபிளைப் படிக்காமல் பாட்டிலை எடுக்கும் பயிற்சிப் பெண்களைப் பரிசோதனைக்கூடத்தில் நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! அதை நிறுவினால் அடுத்ததைக் கேட்டது. அப்படிப் பதினொன்று.

கட்டத் தொடங்கியதும், சீக்கிரம் முடியட்டும் என்று எட்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யச் சொன்னேன். என் பழைய லேப்டாப் மூச்சுத் திணறி, சுட்டி கூட அசையாமல் நின்றுவிட்டது. அணைத்துவிட்டு, இரண்டு இரண்டாகச் செய்யச் சொன்னேன். அறுபத்து மூன்று சதவீதத்தில் ஒரு பிழை. அதைச் சரிசெய்ய இரண்டு நாள். திருநாளுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை, நூறு சதவீதம் என்று வந்தது. கைதட்டிவிட்டேன். திறந்து பார்த்தால் பதிப்பு எண் அவளுடையதைவிட ஒரு படி மேல். இன்னும் வெளியிடாத, இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கும் நிரலை நான் எடுத்திருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுடைய ஃபைலைத் திறந்தேன். 'இது பழைய வடிவத்தில் இருக்கிறது. மாற்றினால் பழைய பதிப்புகளில் திறக்காது. மாற்றட்டுமா?' என்று கேட்டது. பழையது என்ற சொல்லே இனித்தது. மாற்று என்றேன்.

வரிசையாக எல்லோருக்கும் இருபது விநாடி. கடைசியில் அம்மாவுக்கு மட்டும் நாற்பது. யார் வீட்டு விதியை யார் உடைப்பது? எனக்காகப் பரிதாபப்பட்டு, எனக்குச் சலுகையா? ஓட்டிக்கூடப் பார்க்காமல் கத்தரியை எடுத்து நேர் பாதியாக வெட்டினேன். தலைப்பு எழுத்தையும் என் இஷ்டத்துக்கு மாற்றினேன். சேமித்தேன். ஷேர் ஃபோல்டருக்கு அது தானாகவே போய்ச் சேர்ந்தது.

மதியம் மூன்று மணிக்கு ஃபோன் வந்தது.

"எக்கா, ஃபைல் தொறக்க மாட்டேங்கு. புதுப் பதிப்புல சேவ் பண்ணதுன்னு சொல்லுது. உங்கள்ட்ட தொறக்கா?"

"ஹவ், ஆமா, தொறக்குது" என்றேன். அந்த ஒரு நொடி எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். நாளைக் காலை ஆராதனை. ஃபைலைத் திறக்கக்கூடிய ஒரே லேப்டாப் என்னுடையது.

"எங்கிட்ட போன வாரத்துக் காப்பிதான் இருக்கு. அதுக்குப் பொறவு நாலு வீட்டுலேர்ந்து படம் வந்து சேத்திருக்கேன்" என்றவள், கொஞ்சம் தயங்கி, "எக்கா, ஆன்ட்டி பாடுத எடத்த மட்டும் ஓட்டிப் பாருங்க. வாயும் சத்தமும் சேந்து வருதா?" என்றாள்.

இறந்தபின் அம்மாவின் குரலை நான் கேட்டதில்லை. ஃபோனில் இருந்த எதையும் திறந்ததில்லை. இப்போது மறுமுனையில் அவள் காத்திருக்கிறாள். ஓட்டினேன். நீலப் புடவையில், பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் அம்மா. வாய் அசைந்து மூடியது. மூடிய பிறகு குரல் வந்தது.

"சேரல" என்றேன்.

"அதுக்குத்தானக்கா நான் சோர்ஸ்ல இருந்து கட்டுனதே. ஃபோன்ல எடுத்த வீடியோ. வேகம் ஒரே சீரா இல்ல. ரெடிமேடா வாரதுல இழுத்துக்கிட்டே போவுது. யாரோ ஒருத்தர் அதுக்கு ஒரு திருத்தம் எழுதிப் போட்டிருந்தாரு, இன்னும் யாரும் சேத்துக்கல. அத நானே சேத்து பில்ட் பண்ணேன். இருங்க, வாரேன்."

அரைமணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "இதுலயா பில்ட் பண்ணீங்க? தனியாவா? சொல்லவே இல்லியே!" என்று கண்ணை விரித்தாள். நிஜமான ஆச்சரியம். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பன்னிரண்டு வரித் திருத்தத்தை என் நிரலில் சேர்த்து, மறுபடி கட்டவிட்டாள். முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள். தேநீர் போட்டேன். குற்றவாளியாக முறுக்கு எடுத்து வைத்தேன்.

முடிந்ததும் திறந்தாள். வெட்டுப்பட்டிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"இருபது விநாடிதான் விதி" என்றேன், முந்திக்கொண்டு.

"தெரியும்க்கா. நானும் மொதல்ல இருபதுதான் வச்சேன். ஆனா அங்க நிறுத்துனா ஆன்ட்டி மூச்செடுக்கதுக்கு முந்தி போயிருது." வெட்டிய ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். இந்த மென்பொருளில் வெட்டியது எங்கும் போவதில்லை, ஓரத்தை இழுத்தால் திரும்பி வரும். எட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஓட்டினாள். இப்போது வாயும் குரலும் ஒன்றாக இருந்தன. இருபது விநாடி தாண்டியதும் அவள் விரலை உயர்த்தி, "இந்தா, இங்க" என்றாள். அடுத்த கணம், வரிக்கு நடுவில், ஒரு சொல்லைப் பாதியில் விட்டு அம்மா மூச்செடுத்தார். அந்தத் தப்பான மூச்சுக்காகப் பாடகர் குழுத் தலைவரிடம் அம்மா எத்தனை முறை பேச்சு வாங்கியிருக்கிறார்! வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அது பாட்டில் எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு வருஷம் கூடவே இருந்த எனக்குத் தெரியாதது, இவளுக்கு விநாடிக் கணக்கில் தெரிந்திருக்கிறது. மூன்று வாரமாக, ஒவ்வொரு நாளும், என் அம்மாவோடு இவள் உட்கார்ந்திருக்கிறாள். மென்பொருளுக்காக நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. இதற்குத்தான் எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது.

மறுநாள் வீடியோ நன்றாக ஓடியது. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் என்னிடம் வந்தார்கள். "அம்மா நேர்ல வந்து பாடின மாதிரியே இருந்துச்சும்மா. நல்லா பண்ணிருக்கீங்க" என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் மூன்றடி தள்ளி நின்று திரைக்குப் போன வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

"ஹவ் அங்கிள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்றுவரை அவரிடம் திருத்திச் சொல்லவில்லை.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு எல்லோரும் நின்றோம். வீடியோவில் அம்மா பாடிய அதே பாட்டை ஐயர் தொடங்கினார். நான் வழக்கம்போல வாயை மட்டும் அசைத்தேன். அப்போது பக்கத்திலிருந்து, எல்லோருடைய குரலுக்கும் கீழே, இரண்டாம் குரல் கேட்டது. அவள் பாடகர் குழுவில் இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கேட்டுக் கேட்டே பிடித்திருக்கிறாள். தான் பாடுவது அம்மாவின் பாட்டு என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ. அந்த வரி வந்தது. நடுவில், சொல்லைப் பாதியில் விட்டு, அவள் மூச்செடுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. விலகி இரண்டடி தள்ளிப் போய் நின்றேன். அங்கிருந்து சரியாகக் கேட்கவில்லை. அடுத்த சரணம் தொடங்குவதற்குள் திரும்பி வந்து, அவள் தோளை ஒட்டி நின்றுகொண்டேன்.