இந்திராணி எழுதிவைத்த ஆடுகள்

கொட்டகைக்கு அடியில் புழுக்கை அள்ளிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. இந்திராணியின் மகள் கவிதா. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். காலை ஏழரை மணி இருக்கும். கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் நின்றேன். மேலே பரணில் ஆடுகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன.

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்திராணியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி இந்திராணி இருபத்தாறு ஆண்டுகள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்தவர். கணவரைச் சீக்கிரமே இழந்து, ஒரே மகளைத் தனியாளாகப் படிக்கவைத்தவர். கடைசி ஆறு ஆண்டுகள் நிபோங் திபாலில் உள்ள என் ஆட்டுப் பண்ணையில் எனக்குச் சரிபாதிப் பங்காளி. என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனால் பண்ணையில் யார் பேச்சு எடுபட்டது என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு கிடாய் வாங்கத்தான் முதலில் வந்தார். ஒரு கிடாயைக் காட்டி, என்ன வயது என்று கேட்டார். ஒரு வருஷம் இருக்கும் என்றேன். எந்த மாதம் பிறந்தது, தாய் எது, கடைசியாக எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்று அடுக்கினார். லாரி ஓட்டிக் கிழித்த ஆள் நான். ஆட்டுக்கு ஜாதகம் எழுதி வைக்கும் வழக்கம் எனக்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் எப்படிண்ணே எது நல்ல ஆடு, எது சரியில்லாத ஆடுன்னு கண்டுபிடிக்கிறீங்க?" என்றார்.

அடுத்த வாரம் கனத்த அட்டை போட்ட நீளப் புத்தகம் ஒன்றோடு வந்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதன்பின் வாரம் மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் தீவிலிருந்து பாலம் கடந்து வந்தார். ஒவ்வொரு ஆட்டின் காதிலும் மஞ்சள் வில்லை மாட்டி எண் கொடுத்தார். ஒரு ஆட்டுக்கு ஒரு பக்கம். பிறந்த நாள், தாய், தகப்பன், எடை, சினை பிடித்த நாள், போட்ட குட்டிகள், கொடுத்த மருந்து. எழுதி முடித்ததும் கீழே தன் பெயரைப் போடுவார். எதற்கு என்று கேட்டதற்கு, நாளைக்குத் தப்பு என்று தெரிந்தால் யாரைக் கேட்பது என்றார். தொழிற்சாலைப் பழக்கம்.

நான் வேண்டுமென்றே கிண்டல் செய்வேன். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பார். இரண்டாம் ஆண்டில் நோஞ்சான் குட்டிகளாகப் பிறந்து செத்துக்கொண்டிருந்தன. நான் மழையைத் திட்டினேன், புல்லைத் திட்டினேன். அவர் புத்தகத்தைப் பிரித்து, செத்த குட்டிகள் ஐந்துக்கும் தகப்பன் என் செல்லக் கிடாய் கருப்பன்தான் என்று காட்டினார். அந்தத் தாய் ஆடுகளுக்கும் அவனே தகப்பன். கருப்பனை விற்ற அன்று அவரோடு நான் பேசவில்லை. மறு ஈற்றில் பிறந்ததெல்லாம் கொழுகொழுவென்று இரட்டைக் குட்டிகள். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இந்தக் கட்டுரையே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் கீழ்க்கொட்டகை ஆடுகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டிய நாள். அவர் மதியம் வந்து எடை போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. எனக்கு அன்று ஒரு கல்யாண வீடு. அவருக்கு ஒரு வேலை குறையட்டுமே என்று, புறப்படும் அவசரத்தில் நானே கொடுத்துவிட்டேன். கிடந்த பழைய புட்டியிலிருந்து, கண்ணளவில். புட்டி காலியானதும் குப்பையில் எறிந்தேன். புத்தகத்தில் எழுதவில்லை. போன் செய்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தவன் பந்தியில் உட்கார்ந்ததும் மறந்தேபோனேன்.

அவர் வந்து புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். காலியாக இருந்தது. எடை போட்டார், புதுப் புட்டியைத் திறந்தார், முறைப்படி கொடுத்தார். நான் திரும்பியபோது பதினேழு, இருபத்திரண்டு, முப்பத்தொன்று ஆகிய மூன்றும் வாயில் நுரை தள்ளிக் கிடந்தன. அவற்றில் இரண்டு சினை. அவர் தரையில் உட்கார்ந்து முப்பத்தொன்றின் தலையை மடியில் வைத்திருந்தார். "அளவு தப்பாப் போட்டுட்டேன் போல இருக்குண்ணே" என்றார்.

நான் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். என் வாய் திறக்கவில்லை. அன்று மாலை மூன்றும் செத்தபின் அவர் எழுதினார்: "காரணம்: நான் கொடுத்த மருந்தின் அளவு அதிகம். இந்திராணி." பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவர் மருந்துப் புட்டியைத் தொடவில்லை. "நீங்களே குடுங்கண்ணே, என் கை வேணாம்லா" என்பார். ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு ஆண்டுகள் நான் கொடுத்தேன், அவர் பிடித்தார். ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்தேன். நாள் ஆக ஆகச் சொல்வதும் கஷ்டமாகிக்கொண்டே போனது. என்னைப் போன்ற கோழையை நான் பார்த்ததில்லை.

இதற்கிடையே அவருக்கு வந்த நோய் முற்றி ஜார்ஜ் டவுனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாவதற்கு நான்கு நாள் முன் போனேன். கவிதா தேநீர் வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், அல்லது பரவாயில்லை என்பார் என்று நினைத்தேன்.

"எத்தன மணிக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

பன்னிரண்டரை என்றேன்.

"எவ்வளவு?"

"தெரியல தங்கச்சி."

வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கவில்லை. "ரெண்டு வருஷம்ணே" என்றார், அவ்வளவுதான். பிறகு சொன்னார்: "புக்ல தெரியலன்னே எழுதுங்க. அழகா ஒரு நம்பர் போட்டுறாதீங்க."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெலுத்தோங் வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். தொழிற்சாலைத் தோழிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர், இந்திராணி கையில் தப்பே வராது என்றார். அவருடைய கொழுந்தனார் பெருமூச்சு விட்டு, அந்த மூன்று ஆடுகளைக் கொன்றதைத்தான் அண்ணியால் கடைசிவரை மறக்க முடியவில்லை என்றார். அப்படியென்றால் அந்த நான்கு நாளில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் வாயால் வரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கவிதா தாயின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என்னை அவள் பார்க்கவில்லை.

பண்ணைக்குத் திரும்பி எழுதிவிட்டேன். நேரம் பன்னிரண்டரை. அளவு தெரியவில்லை. கொடுத்தவன் நான். என் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன்.

போய் வா தங்கச்சி. அந்த மூன்றையும் நீ கொல்லவில்லை.